கறித்தூள் பொட்டலத்தில் ஒரு விலாசம்

மலாக்காவில், பாயா ரும்புட்டில் மளிகைக் கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே தோள் வலிக்கும். அதைவிடப் பெரிய வலி இந்தப் பேப்பர் வேலை. லைசென்ஸ், தராசு முத்திரை, விலைச்சீட்டு, காலாவதித் தேதி என்று ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பல்லை இளிக்கும். அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு பொட்டலத்திலும் பொருளின் பெயர், எடை, பொட்டலம் போட்டவரின் பெயர், விலாசம் எல்லாம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விற்கிற நான்தான் மாட்டுவேன். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் தப்புச் செய்தேன்.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் ஒருத்தி தஞ்சோங் கிளிங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அங்கேயே ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற வேலை. வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, தானே வறுத்து அரைத்த கறித்தூளை என் கடையில் போடுவாள். சோம்பு தூக்கலாக, கறிவேப்பிலையும் கொஞ்சம் அரிசியும் வறுத்துச் சேர்த்திருப்பாள். திங்கட்கிழமைக்குள் ஒரு பாக்கெட் மிஞ்சாது. லேபிளில் பொருளின் பெயர் இருந்தது, எடை இருந்தது. அவள் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை.

“அட்ரஸ் போடாம எப்படிம்மா? பிடிச்சா என் கடையத்தான் பிடிப்பாங்க,” என்றேன்.

“அது மட்டும் வேணாங்க்கா. இந்த மலாக்காவுல ஒரு பாக்கெட்டு எங்கெங்க போவும்னு யாருக்குத் தெரியும்? அவரு கையில கிடைச்சா நான் செத்தேன்லா.”

அவர் என்றது புருஷனை. லோரி ஓட்டுகிறவன். அவளுடைய வலது மணிக்கட்டு இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது, முறித்தது அவன்தான். அந்தக் கையால் அவள் பாக்கெட்டுகளை அடுக்குவதைப் பார்த்தபிறகு நான் வற்புறுத்தவில்லை.

ஒரு மத்தியான நேரம் அமலாக்க அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி சின்ன வயது மலாய்க்காரப் பெண், மரியாதையானவள். அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் கறித்தூளைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

“காக், சியாப்பா புங்குஸ்?”

யார் பொட்டலம் போட்டது அக்கா என்று கேட்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை கேட்டாள். ஆளைச் சொல்லாவிட்டால் எல்லாம் என் தலையில்தான் விழும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். விழட்டும் என்று இருந்துவிட்டேன். பாக்கெட்டுகளைப் பறிமுதல் செய்து, கையில் அபராத நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை என்றால் கோர்ட்டுதான் என்று எச்சரிக்கை வேறு. அபராதத்தைக் கட்டுவதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வயதில் இது எனக்குத் தேவையா?

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. அவள் தூளை மொத்தமாகக் கொண்டுவரட்டும். நான் வாங்கிக்கொள்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் வைத்து, சனிக்கிழமைகளில் என் கூலியாளாக அவளே பாக்கெட் போடட்டும். லேபிளில் என் கடை பெயர், என் கடை விலாசம். பொய்யும் இல்லை, சட்டத்துக்கும் சரி. அவள்தான் தயங்கினாள்.

“உங்க அட்ரஸ் போட்டா பிரச்சனை வராதாக்கா?”

“என்னைத் தேடி யாருடி வரப்போறா?” என்று சிரித்தேன். அந்த அதிகாரிப் பெண் மறுபடி வந்து பார்த்துவிட்டு, “பாகுஸ், காக்,” நல்லது அக்கா என்று தலையாட்டிப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு மாதம் ஓடியது. ஒரு சனிக்கிழமை, வெறும் பாக்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் கடைக்குள் வந்தான்.

“இந்தத் தூளு யாருக்கா அரைக்கிறது?”

“ஏன் கேக்கிற?”

“சொந்தக்காரங்க வீட்டு விருந்துல சாப்பிட்டேன். வாயில வச்சதும் தெரிஞ்சிருச்சு. பதினோரு வருசம் சாப்பிட்ட கை. பாக்கெட்ட வாங்கிப் பார்த்தேன், உங்க கடை அட்ரஸ் இருந்துச்சு.”

அவள் புருஷன்தான். பின்னறையில் அவளும் குழந்தையும் இருக்கிறார்கள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த, பாக்கெட் வாயை ஒட்டுகிற சீலிங் மெஷின் சத்தம் நின்றுவிட்டது.

“நான்தான் அரைக்கிறேன். அதுக்கு என்ன இப்போ? வேணும்னா வாங்கு, இல்லன்னா வழிய விடு!”

“உள்ள யாரு?”

“என் மருமவ. போலீசக் கூப்பிடவா?” போனைக் கையில் எடுத்தேன். அவன் என்னையும் பின்னறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். சண்டை போடாமல் வெளியே போய், எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தான்.

அவன் போன பிறகுதான் நான் பின்னறைக்குப் போனேன். பின்கதவு திறந்து கிடந்தது. தூள் பாதி நிரப்பிய பாக்கெட்டுகள் மேசையில் இருந்தன. குழந்தையின் பள்ளிக்கூடப் புத்தகங்களும் அப்படியே கிடந்தன. மறுநாள் தஞ்சோங் கிளிங்குக்கு ஓடினேன். அறையைக் காலிசெய்துவிட்டாள் என்றார்கள். போனையும் அணைத்து வைத்திருந்தாள். அபராதத்துக்குப் பயந்து நான் ஒட்டிய விலாசம்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது. பாவி நான். சட்டப்படி எல்லாம் சரி என்று யாரிடம் போய்ச் சொல்ல?

மூன்று வாரம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டாள்.

“நானும் பாப்பாவும் நல்லாருக்கோங்க்கா. நீங்க கவலைப்படாதீங்க.”

அழுதுகொண்டே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவளே கேட்டாள்.

“எங்க இருக்கேன்னு மட்டும் கேக்க மாட்டேங்கிறீங்களேக்கா?”

“வேணாம்மா,” என்றேன். “என்கிட்டகூட சொல்லாதே.”