வால் மட்டும் சிவப்பு

குடவாசலில் உரக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்த அந்த வாத்தியாரை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. சட்டை எப்போதும் தும்பைப்பூ வெள்ளை. எந்தச் சொல்லை எழுதினாலும் அதன் வாலை, அதாவது கடைசி இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் சிவப்புச் சாக்பீஸால் எழுதி, அது லத்தீன் வாலா பிரெஞ்சு வாலா என்று சொல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போகமாட்டார். நாங்களோ வாய்க்காலில் தண்ணீர் வராமல் வயலை விட்டுவிட்டு, துபாய் விசாவுக்குக் காத்திருந்தவர்கள்.

வலங்கைமான்காரர் ஒருவர் ஒருநாள் எழுந்து கேட்டார்.

"சார், அங்க போனதும் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிறாங்களாம். திருப்பிக் கேக்கணும்னா என்ன சொல்லணும் சார்?"

வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாஸ்போர்ட்! அருமையான சொல்லுங்க. பிரெஞ்சுலேர்ந்து வந்தது" என்று பலகைப் பக்கம் திரும்பினார். வகுப்பு முடியும்வரை எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

அப்பா இறந்த செய்தி வந்த அன்று, துபாயில் மேலாளரின் மேஜைக்கு முன்னால் நின்றேன். பாஸ்போர்ட் அவருடைய இழுப்பறையில் இருந்தது. பாஸ்போர்ட், பாஸ்போர்ட் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் என் ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லத்தான் தெரியவில்லை.