அண்ணன் சேர்த்த இசைத்தட்டுகளும் அவர் எடுக்காத ஒன்றும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அவரோடு ஷிப்ட் பார்த்த நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனுடைய நல்ல குணங்களை எழுது என்று அண்ணி சொன்னார். எழுதுகிறேன், எழுத நிறைய இருக்கிறது. ஆனால் நம் உறவுக்குள் அண்ணனைப் பற்றி நெடுங்காலமாக ஒரு பேச்சு ஓடுகிறது. “நல்ல மனுஷன்தான், வயசுல கொஞ்சம் கை நீளம்” என்பார்கள். காரியத்தன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்த ஒருவரே அதைச் சொன்னார். சாம்பார் ஊற்றிக்கொண்டு நின்ற என் காதில் அது விழுந்தது. அந்தப் பேச்சு இன்றோடு முடிய வேண்டும். அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது முத்தாண்டிக்குப்பம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போய் எங்கள் இருவரையும் காப்பாற்றினார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அண்ணன், நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்தில் காண்ட்ராக்ட் கூலியாகப் போய்ச் சேர்ந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். காண்ட்ராக்ட் ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது என்பதால், டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு கூரை வீட்டில் இருந்தோம். பெர்மனென்ட் ஆகி அம்மாவை மழை ஒழுகாத வீட்டில் வைக்க வேண்டும், அதுதான் அண்ணனுடைய ஒரே கனவு.

இன்னொரு பைத்தியமும் அவருக்கு இருந்தது. அதுதான் ராக் பாட்டு. மண் வெட்டும் பெரிய இயந்திரங்களோடு ஜெர்மனியிலிருந்து இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வேலை நேரத்தில் விசிலடித்துக்கொண்டே இருப்பாராம். அண்ணன் அந்த மெட்டை அப்படியே திருப்பி விசிலடித்திருக்கிறார். மறுநாள் அந்த மனிதர் விளிம்பு உடைந்த ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது, கடைசி வரை விடவில்லை.

அதைப் போட்டுக் கேட்க எங்கள் வீட்டில் என்ன இருந்தது, மண்ணாங்கட்டி! கரண்டே கிடையாது. ஆனாலும் அண்ணன் சேர்த்தார். கீறல் விழுந்தது, வெயிலில் வளைந்தது என்று இன்ஜினியர் கழித்துப்போட்டதையெல்லாம் வாங்கி வந்தார். உதிரி பாகங்கள் வரும் மரப்பெட்டிகளில் அடைத்து வரும் ஜெர்மன் பத்திரிகைத் தாள்களைப் பிரித்து, கிட்டாரோடு யாராவது நின்றால் வெட்டி எடுத்துச் சோற்றுப் பசையால் நோட்டில் ஒட்டுவார். அறுந்த கிட்டார் கம்பி ஒன்றையும் சுருட்டித் தகர டப்பாவில் வைத்திருந்தார். “சோறு போட முடியாத தட்டு, அதுக்கு ஒரு துணி உறை வேற” என்று அம்மா கேலி செய்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே துடைப்பார்.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் அந்த இன்ஜினியரிடம் அரைகுறை இங்கிலீஷில் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருநாள் என்னையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னார். “அமெரிக்காவுல பருத்திக் காட்டுல குனிஞ்சிகினு கூலி வேலை செஞ்சவங்க பாடினதுதான் இதுக்கு வேராம். நீ நடவுல பாடுவியே, அந்த மாதிரிதாம்மா.” அதற்குப் பிறகு அம்மா கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

நான் அப்போது அந்த இன்ஜினியர் வீட்டில்தான் வேலை செய்தேன். வயது பதினாறு. பெருக்குவதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலை. அவர் மனைவி தட்டு போட்டுக் கேட்கும்போது நானும் கேட்பேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதை முனகிக் காட்டுவேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அண்ணன் பெயர் பெர்மனென்ட் பட்டியலில் இருக்கிறது, தீபாவளி கழித்து ஆர்டர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வீடே மிதந்துகொண்டிருந்தது. சுரங்கப் பட்டறையில் ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி அடுக்கிப் பொட்டு வைப்பார்கள் அல்லவா, அதோடு தன் இசைத்தட்டுகளையும் வைக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. மேஸ்திரி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அம்மாதான் மறுத்தார். உடைந்ததையும் கீறினதையும் சாமி முன்னால் வைக்கக் கூடாது, முழுசாக ஒன்றாவது இருந்தால் வை என்றார். அண்ணனிடம் முழுசாக ஒன்றுகூட இல்லை. அவர் முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், இன்ஜினியர் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு புதுத் தட்டை நான் எடுத்துவிட்டேன். ஆமாம், நான்தான். மறுநாள் விஜயதசமிக்குப் பூஜையைக் கலைத்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். எந்தத் திருடி அப்படிச் சொல்லவில்லை? இன்ஜினியர் மனைவி இரவல் கொடுத்ததாக அண்ணனிடம் பொய் சொன்னேன். அண்ணன் அதை நம்பி, ஸ்பேனர்களுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தார். அதன் அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்தது என் விரல்தான்.

வெளிநாட்டு இன்ஜினியர்கள் குடும்பத்தோடு பட்டறைக்குப் பூஜை பார்க்க வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் பொரிகடலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இன்ஜினியரின் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து அந்த இசைத்தட்டின் முன்னால் நின்றுவிட்டார். ஊரிலிருந்து அவர் தம்பி அனுப்பிய தட்டு அது. அட்டையில் அந்தத் தம்பி கையால் எழுதிய எழுத்து இருந்தது. அந்த ஜெர்மன் எழுத்து எனக்கு எங்கே தெரியும்? சந்தனத்தை அந்த எழுத்தின் மேலேயே வைத்திருந்தேன். அவர் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தார். இது எப்படி இங்கே வந்தது என்று சூப்பர்வைசர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் பொரிகடலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“நான்தாங்க எடுத்தேன். ஜன்னலோரமா இருந்திச்சிங்க” என்றார்.

அது அலமாரியில் இருந்தது. அந்த வீட்டுக்குள் அண்ணன் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும், ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரிடம் போகட்டும் விடுங்கள் என்பதுபோலக் கையசைத்தார். அதற்குள் விஷயம் ஆபீசுக்குப் போய்விட்டது. பட்டியலிலிருந்து அண்ணன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அழுதேன். கிணற்றடியில் நிறுத்தி அண்ணன் சொன்னதை இன்றைக்கும் எழுத்து மாறாமல் சொல்வேன். “எனக்கு இந்த வேலை இல்லன்னா இன்னொரு வேலை, பாப்பா. பொட்டப்புள்ளைக்குத் திருடின்னு பேர் வந்துட்டா எவன் வூட்டுல வாழ விடுவான்? வாயத் தொறந்தா நான் செத்ததுக்குச் சமம்.” நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேலும் நான்கு வருஷம் அவர் காண்ட்ராக்ட் கூலியாகவே மண் சுமந்தார். குறிஞ்சிப்பாடியில் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் திருட்டுப் பையன் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். ஐப்பசி மழையில் அம்மா அதே கூரைக்கடியில் இருமினார். “பாவி, உனக்கு என்னடா குறை வச்சேன்” என்று அண்ணனைப் பார்த்துத்தான் அழுவார். அண்ணன் குனிந்தபடி கேட்டுக்கொள்வார். எனக்குச் சேத்தியாத்தோப்பில் நல்ல இடம் அமைந்தது. என் பெயர் சுத்தமாக இருந்ததே!

பிறகு வேறு அதிகாரி வந்து, அண்ணன் வேலையைப் பார்த்துப் பெர்மனென்ட் ஆக்கினார். குவார்ட்டர்ஸ் வந்தது. அண்ணி வந்தார். அம்மா ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போனார். பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றை வாங்கி, அத்தனை வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த தட்டுகளை அண்ணன் முதல்முறையாகப் போட்டுக் கேட்டார். கீறல் விழுந்த இடத்தில் ஊசி துள்ளும்போதெல்லாம் குழந்தை மாதிரி சிரித்தார் என்று அண்ணி சொல்வார். வாசல் பக்கத்து அறையின் சுவர் முழுக்கப் படங்கள் ஏறின. பிளாக்கில் உள்ள பையன்கள் வந்தால் பருத்திக் காட்டில் ஆரம்பித்து ராக் பாட்டின் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். அந்த அறையில் இருந்த பொருள் எதுவும் திருடியதில்லை. ஒவ்வொன்றையும் யார் கொடுத்தது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் உங்களிலேயே பலர் இருக்கிறீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நானும் பல தடவை கிளம்பினேன். உன் மாமியார் காலம் போகட்டும் என்றார் அண்ணன். உன் பெரிய மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றார். கடைசியில் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதுகூட, “சின்னவளுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களே, இப்ப எதுக்கு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாமல் அவர் சுமந்ததை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது. அண்ணா, உன் பேச்சை நான் மீறுவது இதுதான் முதல் தடவை.

கடைசி நாட்களில் இரவும் பகலும் உடனிருந்த அண்ணிக்கும், ரத்தம் கொடுத்த சக தொழிலாளர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இதை அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது என் சின்ன மகள். எல்லாவற்றையும் படித்த பிறகுதான் கொண்டுபோனாள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம். படித்துவிட்டு அவர்கள் என்ன முடிவு சொன்னாலும் சரி, என் அண்ணன் திருடவில்லை.