பஞ்சு என்று நான் தள்ளிவிட்ட ஹெட்செட்

உத்திரமேரூரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் கோடையிலும் வற்றாத கிணறு ஒன்றைப் பார்த்தால், அதை வெட்டியது யார் என்று விசாரித்துப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் என்னைத்தான் கைகாட்டுவார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்குவாரியில் சம்மட்டி தூக்கினேன். அப்புறம் கம்ப்ரஸர் டிராக்டரில் பாறை துளைக்கிற மெஷினைப் பிடித்தேன். அப்புறம் அந்த டிராக்டரையே வாங்கினேன். சாலவாக்கத்துப் பக்கம் என் அப்பா வாசலுக்கு வெளியே கைகட்டி நின்ற அதே வீட்டில், "எந்த எடத்துல தண்ணி கீது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது ஒரு தப்பைச் சொல்ல. பாறையைத் தட்டிப் பார்த்தே அடியில் ஊற்று இருக்கிறதா என்று சொல்கிற நான், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமானைப் பார்த்து ஏமாந்தேன். விமானம் ஓட்டுகிறவர்கள் காதில் மாட்டிக்கொள்கிற ஹெட்செட் அது.

எனக்கு ஒரே மகள். ப்ளஸ் டூ முடித்ததும் பைலட் ஆகப்போகிறேன் என்றாள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் பஸ் ஏறி காஞ்சிபுரம் காலேஜுக்குப் போவதே பெரிய சங்கதி. நான் இரண்டாவது பேச்சுப் பேசவில்லை. ஒரு வண்டியை விற்று வெளி மாநிலத்துப் பள்ளி ஒன்றில் சேர்த்தேன். ஹெட்செட் மட்டும் அவரவர் சொந்தமாக வாங்கி வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

சென்னையில் ஒருவர் அந்தச் சாமான்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வீட்டிலேயே வைத்து விற்றார். முன்பு விமான நிலையத்தில் வேலை பார்த்தவராம். மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி காதை மூடும், தலைக்கு மேல் பட்டை, சத்தத்தை அடக்க உள்ளே பேட்டரி. மற்றது ஒன்றுமே இல்லை. தலைக்குப் பின்னால் போகிற மெல்லிய கம்பி, வாய்ப் பக்கம் வளைந்த குட்டி மைக், காதுக்குள் போக இரண்டு மஞ்சள் மொட்டு. அவ்வளவுதான்.

என் மகள் அந்தச் சின்னதைத்தான் எடுத்தாள்.

"சார், பாப்பா கண்ணாடி போட்டிருக்காங்க" என்றார் அவர். "பெரிய கிண்ணம் கண்ணாடிக் காம்பை அழுத்தும். ஒரு மணி நேரம் பறந்தா நெத்திப்பொட்டு விண்விண்ணுன்னு தெறிக்கும். இது காதுக்குள்ள போயிடும். தலையில எதுவும் இருக்கிற மாதிரியே தெரியாது."

நான் மொட்டை நசுக்கிப் பார்த்தேன். "இன்னாய்யா இது? பஞ்சு! இத காதுல சொருவிக்கினு ஏரோப்ளேன் ஓட்டச் சொல்றியா?"

"பஞ்சு இல்ல நைனா, ஃபோமு!" என்று மகள் சத்தமாகச் சொன்னாள். "அமுக்கி உள்ள வுட்டா விரிஞ்சி அடைச்சிக்கும். இன்ஜின் சத்தமே வராது!"

"நான் பாக்காத பஞ்சா?"

கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் அந்தச் சத்தம் தெரியும். பல்லுக்குள் இறங்கும். தினம் காலையில் என் மனைவி தலையணையிலிருந்து பஞ்சைப் பிய்த்து உருட்டிக் கொடுப்பாள். அதைக் காதில் அடைத்துக்கொண்டு இருபது வருடம் பாறை துளைத்தேன். இடது காது மொத்தமாகப் போனது. வலதில் பாதி. அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டது கிடையாது. ஜனங்கள்தான் வாய்க்குள் பேசுகிறார்கள் என்பேன். ஆனால் உள்ளுக்குள் தெரியும், பஞ்சு என்னை ஏமாற்றிவிட்டது என்று. என் மகளையும் அது ஏமாற்றக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. அண்டாவோ சங்கிலியோ மோட்டாரோ, எதையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கி எனக்குப் பழக்கம். கனம் இருந்தால் உள்ளே சரக்கு இருக்கும். அந்தப் பெரியதைத் தூக்கினேன். நல்ல கனம். தலையில் மாட்டிக்கொண்டேன். அவர் ஸ்விட்சைப் போட்டார்.

"ஆகா! ஒரு சத்தம் இல்ல பாத்தியா! இதான் சாமான்!" என்று கத்தினேன்.

அவரும் என் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் ஒரு பழைய ஏசி ஓடிக்கொண்டிருந்ததையும், வாசலில் பஸ் போய்க்கொண்டிருந்ததையும் நான் பிற்பாடுதான் யோசித்தேன். அதை மாட்டுவதற்கு முன்னாலும் எனக்கு அந்தச் சத்தம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மகள் அந்தச் சின்னதை உடனே கீழே வைக்கவில்லை. சுண்டுவிரலால் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றாள். அப்புறம் வைத்தாள். "சரி நைனா" என்றாள். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடமிருந்து போன் வரும். ரிசீவரை வலது காதில் வைத்துக்கொண்டு நான் ஆரம்பிப்பேன். "எப்டி கீறம்மா? தைரியமா ஓட்டு! அந்த ஹெட்செட்டு எப்டி, சோக்கா கீதா? நைனா வாங்கனதாச்சே!" பதிலுக்கு நிற்க மாட்டேன். நின்றாலும் டப்பாவுக்குள் வண்டு சுற்றுகிற மாதிரித்தான் கேட்கும். மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் கேட்பாள்.

"இன்னாவாம்?" என்று கேட்பேன்.

"நல்லா கீறாளாம்!" என்று கத்துவாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காலையில் நான்தான் ராஜா. சென்னையிலிருந்து கிளம்பிய விமானம் எங்கள் தலைக்கு மேலே கோடு போட்டுக்கொண்டு போகும். கையை நீட்டிக் காட்டுவேன். "அதோ! இன்னும் நாலு மாசம். அந்த எடத்துல என் பொண்ணு உக்காந்துனு இருப்பா."

"அண்ணே, நம்ம கடைக்கு மேல வரும்போது கொஞ்சம் ஸ்லோ பண்ணச் சொல்லு" என்பார் டீ மாஸ்டர். "ரெண்டு பன்னு தூக்கிப் போடறேன்."

அவர் எனக்காகத் தொண்டையைத் திறந்துதான் பேசுவார். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிணற்றில் தண்ணீர் பீறிட்டபோதுகூட வந்தது கிடையாது.

நாலு மாதம் ஆவதற்குள் அவள் வந்துவிட்டாள். போகும்போது கொண்டுபோன இரண்டு பெட்டியும் கூடவே வந்தன. லீவுக்கு வருகிறவள் போர்வை பக்கெட்டெல்லாம் கட்டிக்கொண்டு வருவாளா என்று எனக்குத் தோன்றவில்லை. "லீவு வுட்டாங்களா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். பத்து நாள் போனது. சமையலறையில் அம்மாவும் மகளும் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்கள். நான் நுழைந்தால் உதடுகள் நின்றுவிடும். வந்ததிலிருந்து அவள் ஒருதரம்கூட என்னிடம் கத்திப் பேசவில்லை. அதைக்கூட நான், வளர்ந்துவிட்டாள், அடக்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பெருநகரிலிருந்து ஒருவர் கிணறு வெட்டுகிற விஷயமாக வந்திருந்தார். காபி கொடுத்து உட்கார வைத்து மகளைக் கூப்பிட்டேன். "பாத்துக்கோங்க, இவதான் பைலட்டு! இவ ஓட்டற ப்ளேன்ல மொத டிக்கெட்டு உங்களுக்குத்தான்!" அவர் எழுந்து கும்பிட்டார். என் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

அவர் போனதும் வந்து என் கையைப் பிடித்தாள். மாடிக்கு வா என்று சைகை காட்டினாள்.

கட்டில்மேல் நான் வாங்கிக் கொடுத்த பெரிய ஹெட்செட் இருந்தது. பக்கத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு ஹெட்செட்டையும் சேர்த்துப் பேசிப் பழகுவதற்கு. அதற்கும் பக்கத்தில் அந்தச் சின்னது. மஞ்சள் மொட்டு.

"இது ஏது?" என்றேன்.

அவள் ஒரு மொட்டை இரண்டு விரலால் உருட்டி ஊதுபத்திக் குச்சிபோல ஒல்லியாக்கினாள். மற்றக் கையால் என் வலது காதின் மேல்மடலைப் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டாள். அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உதடு எண்ணியது. அந்தப் பக்கமும் அப்படியே. பஞ்சைச் சும்மா திணித்துக்கொண்டு போன எனக்கு, இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு என்று யாரும் சொன்னதில்லை. பெரியதை அவள் மாட்டிக்கொண்டாள். பெட்டியில் ஒரு திருகைத் திருப்பினாள்.

"நைனா. கேக்குதா?"

என் தலைக்கு நடுவில் அந்தக் குரல் வந்தது. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த என் மகளின் குரல் கத்தல்தான். அதனாலேயே அவளைக் கோபக்காரி என்று நினைத்திருந்தேன். இது கோபமில்லாத குரல். கொஞ்சம் கரகரப்பு, அவள் அம்மாவுக்குச் சின்ன வயசில் இருந்த மாதிரி. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"கேக்குதும்மா!" என்று அலறினேன். அவள் சட்டென்று கிண்ணத்தைக் காதிலிருந்து விலக்கினாள்.

"மெதுவா பேசு நைனா. வாய்கிட்ட மைக்கு கீது."

மெதுவாகப் பேசுவது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது. "கேக்குது" என்றேன்.

"நான் திரும்பிப் போவல நைனா."

அப்புறம் அவள் நிறுத்தாமல் சொன்னாள். தனியாக ஓட்டிப் போன ஒரு நாள், கண்ணாடிக் காம்பு எலும்பில் குத்தித் தலை பிளந்ததாம். தாங்காமல் கிண்ணத்தைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டு ஓட்டியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ரேடியோவில் கூப்பிட்டிருக்கிறார்கள், இறங்காதே என்று. இன்ஜின் சத்தத்தில் அவளுக்கு விழவில்லை. இவள் இறங்க, ஓடுபாதையில் இன்னொரு விமானம் குறுக்கே நின்றிருக்கிறது. ரெக்கை தப்பியது மயிரிழையில். அன்றோடு அவள் தனியாக ஓட்டுவதை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"அப்பறம் படிப்ப முடிச்சிட்டுப் போன ஒரு அக்காகிட்ட இத வாங்கனேன். வாத்தியாரு கூட உக்காந்து மூணு வாட்டி ஓட்டனேன். தலவலியே இல்ல நைனா. எதுவும் மாட்டாத மாதிரி கீது. ஆனா கீழருந்து குரல் வந்தாலே கை நடுங்குது. நிக்கவே மாட்டேங்குது."

"எனுக்கு ஏம்மா சொல்லல? தலவலின்னு அப்பவே சொல்லியிருந்தா..."

"அம்மாகிட்ட சொன்னேன். போன்ல உன்கிட்டயும் சொன்னேன் ரெண்டு வாட்டி. நீ பேசிட்டு ரிசீவர குடுத்துட்ட."

"வூட்டுக்கு வந்து பத்து நாளு ஆச்சே?"

"எப்டி சொல்றது நைனா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா தெருவுக்கே கேக்கணும். இது கத்திச் சொல்ற விஷயமா?"

  "இந்த மாதிரி பத்து வாங்கித் தரேன்" என்றேன். "நான் வந்து அங்க பேசறேன். நான் பேசனா கேப்பாங்க."

"வேணாம் நைனா" என்றாள். அந்த இரண்டு சொல்லும் அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

நான் அழுதேன். என் அழுகை எனக்கே மைக் வழியாகக் கேட்டது. அவள் திருகைத் திருப்பவில்லை. அப்புறம் வேறு என்னென்னவோ சொன்னாள். மேலிருந்து பார்த்தால் ஏரியெல்லாம் உடைந்த கண்ணாடி மாதிரி இருக்குமாம். கிணறு தெரியுமா என்று கேட்டேன். தெரியும் நைனா, கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி, பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் நடந்தது, அவள் அம்மாவுக்கு முழங்கால் வலி, நான் கேட்காமலே போன வருடங்களின் சங்கதி எல்லாம் சன்னமாக வந்துகொண்டே இருந்தது. பெட்டியில் பேட்டரி தீர்கிறவரை உட்கார்ந்திருந்தோம். குரல் மெல்லத் தேய்ந்து நின்றது. அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

மறுநாள் டீக்கடைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கால் பழக்கத்தில் போய்விட்டது. டீ மாஸ்டர் கிளாஸை வைத்துவிட்டு மேலே காட்டினார். விமானம் போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, எத்தினி மாசம் பாக்கி?"

நேற்று கற்றுக்கொண்ட மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். பாய்லர் இரைந்திருக்கும், பஸ் கிளம்பியிருக்கும். "இன்னாண்ணே? வுழல, கொஞ்சம் சத்தமா சொல்லு!"

என் மகளும் மனைவியும் யாருக்கும் கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததை, பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க நானே கத்திச் சொன்னேன்.

"என் பொண்ணு ப்ளேன் ஓட்ட மாட்டாய்யா! அவ கேட்டத நான் வாங்கித் தரல!"