மெத்தைக்காரரின் பதினெட்டும் செங்கல்காரரின் பதினொன்றும்

ஐஸ்காரர் தன் மனைவியின் அண்ணனுக்கு இரண்டு லட்சம் கடன்பட்டிருந்தார். பழைய வேனுக்கு வேறு இன்ஜின் மாட்ட வாங்கிய பணம். மாட்டியும் அது டீசலைக் குடம் குடமாகக் குடித்தது. சம்பாதித்ததெல்லாம் பங்க்குக்கே போனது. ஒரு வருடத்துக்குள் பணம் வராவிட்டால் ஐஸ் கிடங்கில் பாதி மச்சானுக்கு என்று பேச்சு. முதுகில் சாக்கைப் போட்டு ஐஸ் சுமந்து எழுப்பிய கிடங்கு! அதைக் கூறுபோட்டுக் கொடுக்கப் பிறந்தவரா அவர்? வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தவணையில் ஒரு டீசல் பிக்கப் வாங்கக் கிளம்பினார்.

இரண்டு வண்டிகள் விலைக்கு இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே மாடல். முதலாவது மெத்தைக் கடைக்காரருடையது.

"லிட்டருக்குப் பதினெட்டு! கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க."

"திறந்துக்கிட்டே கேக்குறேனே. எப்படிக் கணக்குப் பாத்தீங்க?"

"முன்னாடி திரையிலேயே காட்டுதே!"

"ஏத்துறது என்ன?"

"மெத்தைதான். காத்து மாதிரி போகும்."

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஐஸ்காரர் ஏறி, தன் வழக்கமான சாலையில் ஓட்டிப் பார்த்தார். ஐஸ் ஆலையிலிருந்து மீன் சந்தை இருபது கிலோமீட்டர். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மீட்டரோ இருபத்திரண்டு காட்டியது. இறங்கி டயரைப் பார்த்தார். மலிவென்று சின்ன அளவு மாட்டியிருந்தார்கள். சின்னச் சக்கரம் அதிகம் சுற்றும். மீட்டர் போகாத ஊருக்கும் போய் வந்ததாகச் சொல்லும்.

அடுத்தவர் செங்கல் வியாபாரி. வாயைத் திறந்ததுமே வண்டியைத் திட்டினார்.

"பதினொண்ணைத் தாண்டாதுங்க, குடிகார வண்டி! விலையைக் குறைச்சுத் தரேன், கூட்டிட்டுப் போயிடுங்க."

"பதினொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"டேங்கை ரொப்பி ஓட்டுவேன். திரும்ப அதே பங்க்குல ரொப்பி, ஓடின தூரத்தை ஊத்தின லிட்டரால வகுப்பேன். மாசக்கணக்கா இதே வயித்தெரிச்சல்தான்."

"பாரம்?"

"ஒன்றரை டன் கல்லு. பூராவும் மலை ரோடு."

ஐஸ்காரருக்கு உச்சி குளிர்ந்தது. இந்த வண்டியையும் அதே சாலையில் ஓட்டினார். மீட்டர் இருபதில் நின்றது. கல்லோடு மலையேறிப் பதினொன்று தருகிறது. அதில் பாதி எடைகூட வராத ஐஸைச் சமதரையில் இழுக்கச் சொன்னால்? அங்கேயே முன்பணம் கொடுத்தார்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "பதினெட்டை விட்டுட்டுப் பதினொண்ணை வாங்கின புண்ணியவான் நீங்க ஒருத்தர்தான்!"

மச்சானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனது. "மாப்ள, கிடங்குல எந்தப் பக்கம் எனக்கு? இப்பவே சொல்லிடுங்க."

"மைலேஜும் கல்யாணத் தரகர் சொல்ற சம்பளமும் ஒண்ணு மச்சான். எவ்வளவுன்னு கேக்கக் கூடாது. எப்படி வந்துச்சுன்னு கேக்கணும்."

முதல் மாதமே, டேங்க் நிரப்பிப் பார்த்த கணக்கில், லிட்டருக்குப் பதினைந்து கிடைத்தது. பங்க்குக்குப் போன காசு பெட்டியில் தங்கியது. மீன் சந்தையில் இன்னும் நாலு கடைக்காரர்கள் அவரிடம் ஐஸ் கேட்டு வந்தார்கள். தவணையும் தவறவில்லை.

வருடம் முடியுமுன்பே மச்சான் அளவு டேப்போடு கிடங்குக்கு வந்து, சுவரோரம் குனிந்து அளக்கத் தொடங்கினார்.

"முதுகு வலிக்கப் போகுது, நிமிருங்க மச்சான். டேப்பைக் கீழ வெச்சிட்டுக் கையை நீட்டுங்க."

"எதுக்கு மாப்ள?"

ஐஸ்காரர் பெட்டியைத் திறந்து இரண்டு லட்சத்தையும் எடுத்தார். கட்டைப் பிரித்து, விரலை நாக்கில் தொட்டு, தெருவுக்கே கேட்கும்படி உரக்க எண்ணி, ஒவ்வொரு நோட்டாக மச்சானின் விரிந்த உள்ளங்கையில் வைத்தார்.