பிரேக்கர்காரரின் காது

வேலையிடத்தில் எல்லோரும் அவரைத் ‘தடதடா’ என்றுதான் கூப்பிட்டார்கள். மண் தோண்டும் பெரிய வண்டியின் கையில், வாளிக்குப் பதிலாக ஹைட்ராலிக் பிரேக்கரை மாட்டிப் பாறையும் கான்கிரீட்டும் உடைப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. பட்டப்பெயர் அதனால் வந்தது என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அவர் நடை, பேச்சு, சாப்பாடு எல்லாமே அப்படித்தான். தேநீரைக்கூட நின்றுகொண்டே குடிப்பார். பாதி குடித்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மீதியைக் குடிப்பார்.

அந்த வருஷம் ஒரு பழைய கிடங்கின் அஸ்திவாரத்தை உடைக்கும் வேலை. கட்டடம் போய்விட்டது. தரைக்குள் முப்பத்தாறு கான்கிரீட் கட்டைகள் மட்டும் மிச்சம். பதினோராவது கட்டையில், பிரேக்கரின் உடம்பை இறுக்கிப் பிடித்திருக்கும் நீள போல்ட்டுகளில் ஒன்று அறுந்தது. மாற்றினார்கள். பதினாலாவது கட்டையில் புதுசும் அறுந்தது.

மெக்கானிக் வந்து உடைந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினைந்து வருஷப் பழக்கம் என்பதால் கொஞ்சம் தயங்கினார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வெத்தடி விழுது.”

வெற்றடி என்பது அந்தத் தொழிலில் வசைச்சொல் மாதிரி. பிரேக்கருக்குள் வண்டியின் எண்ணெய் அழுத்தம் கனமான இரும்புப் பிஸ்டனை மேலே தள்ளுகிறது. மேலே அடைத்து வைத்த நைட்ரஜன் வாயு அதனால் நசுங்குகிறது. நசுங்கிய வாயு திமிறி விரிய, எண்ணெயும் கூடச் சேர்ந்து தள்ள, பிஸ்டன் பாய்ந்து வந்து, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் உளியின் தலையில் மோதுகிறது. நிமிஷத்துக்கு ஐந்நூறு அடி. உளி கல்லில் அழுந்தி நிற்கும்வரை அத்தனை அடியும் கல்லுக்குள் போகும். கல் பிளந்த பிறகும் பெடலை மிதித்துக்கொண்டிருந்தால், போக்கிடம் இல்லாத அடி பிரேக்கரின் உடம்பிலேயே விழும். கல் விட்டுக்கொடுத்த கணமே காலை எடுக்கத் தெரியாதவனை யாரும் ஆபரேட்டர் என்று ஒத்துக்கொள்வதில்லை.

“எனக்கா வெத்தடிக் கதை சொல்ற? கல்லு பிளக்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். சத்தம் மாறும்.”

“அத யாரு இல்லேன்னாங்க? அப்புறம் போல்ட்டு ஏன் போகுது?”

“மட்டமான போல்ட்டு. வேறென்ன!”

வீட்டுக்கு வந்தும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொட்டாத குழாயைத் திருகினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். முதுகுக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மனைவி கூடத்திலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

“மூணு தடவ கத்துனேன், அடுப்பப் பாருங்கன்னு.”

“கத்துனா எனக்குக் கேக்காதா?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

அவள் நகர்ந்ததும் ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். கேட்டது. டம்ளரைத் தட்டினார். அதுவும் கேட்டது. மனசு ஆறவில்லை.

மறுநாள் அவரே மெக்கானிக்கை வம்புக்கு இழுத்தார். “நீ கீழ நின்னு பாரு. யாரு சரின்னு தெரிஞ்சிடும்.” சைட் இன்ஜினியர் ஓர் இளம்பெண். அவள் செல்போனில் வீடியோப் படம் எடுப்பதாகச் சொன்னாள். பதினைந்தாவது கட்டையில் உளியை நேர்குத்தாக நிறுத்தி, வண்டியின் முன்பக்கம் லேசாக எழும் அளவுக்கு அழுத்தி, பெடலை மிதித்தார். கல் பிளக்கும்போதெல்லாம் மெக்கானிக் கையைத் தூக்கினார். நாலு பிளவு. தடதடா இறங்கி வந்தபோது அவர் முகத்தில் வென்றுவிட்ட சிரிப்பு இருந்தது.

படத்தை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மெக்கானிக்கின் கை உயர்கிறது. பிரேக்கர் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. பிறகுதான் நிற்கிறது. நாலு தடவையும் அப்படியே.

“இன்னொரு தடவ போடுங்க மேடம். சத்தத்தக் கூட்டி வைங்க.”

கூட்டி வைத்தாள். அவர் போனைக் காதோடு ஒட்டிக் கேட்டார்.

“கல்லு பிளக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே சத்தமாத்தானே இருக்கு?”

மெக்கானிக் போனை வாங்கி இன்ஜினியரிடம் நீட்டினார். இன்ஜினியர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் சங்கிலிச் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டு, வாசலைத் தாண்டி நடந்தார். பஸ் வரும் தடம் முழுக்க நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்.

காது டாக்டர் சின்ன அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தார். மெல்லிய, கூரான ஓசைகள் எல்லாம் போய்விட்டன, திரும்ப வராது என்றார். “கேபின் கதவ மூடிக்கிட்டுதானே வேல செய்வீங்க?”

“இல்ல டாக்டர். தெறந்துதான் வைப்பேன். காதுல அடைப்பும் வைக்க மாட்டேன். மூடிட்டா கல்லு பேசுறது கேக்காதே.”

நன்றாகக் கேட்க வேண்டும் என்று திறந்து வைத்த கதவே காதைத் தின்றுவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில், கூட வந்திருந்த மனைவி சொன்னாள்: “கல்லு பேசுறத இத்தன வருஷம் கேட்டீங்க. நான் பேசுறத எப்பக் கேக்கப்போறீங்க?” சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்து முடித்தாள்.

மூன்று நாள் வீட்டில் இருந்தார். அலமாரிக் கதவைக் கழற்றி மாட்டினார். நாற்காலியின் நாலு காலையும் ஒட்டினார். “நீங்க வேலைக்குப் போங்க, இல்லேன்னா நான் எங்கயாவது போறேன்” என்றாள் மனைவி. மெக்கானிக் போன் செய்தார். அவருக்குப் பதிலாக வண்டியில் ஏற்றிய வேறு ஆள், பதினாறாவது கட்டையைக் கடப்பாரையால் நெம்புவதுபோல உளியால் நெம்பி, உளியையே முறித்துவிட்டானாம். கேட்டதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மத்தியானம் கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். சோப்புத் தண்ணீர் பாட்டிலின் தலையை அமுக்கி விடுகிறார், அமுக்கி விடுகிறார். தொட்டி முழுக்க நுரை.

“கையக் கழுவுறீங்களா, குளிக்கிறீங்களா?”

“இங்க பாரேன். அமுக்குனா கழுத்து உள்ள போகுது. விட்டா வெளிய வருது.”

“எல்லா பாட்டிலும் அப்படித்தான் வரும்.”

“உளியும் அப்படித்தான்!”

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நேரே இன்ஜினியரிடம் போய் நின்றார். “மேடம், என் காது போயிடுச்சு. அத மறைச்சு வண்டியில ஏற மாட்டேன். ஆனா கண்ணு நல்லாருக்கு.” பிறகு விளக்கினார். கல்லில் அழுத்தும்போது உளி பிரேக்கருக்குள் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். கல் பிளந்ததும் சரக்கென்று வெளியே இறங்கும். உளியின் கழுத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பட்டை போட்டால், அழுத்தத்தில் இருக்கும்வரை பட்டை மறைந்திருக்கும். பட்டை தெரிந்தால் காலை எடுத்துவிட வேண்டும்.

இன்ஜினியர் உடனே சம்மதிக்கவில்லை. அரைநாள் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டினாள். கேபின் கதவு மூடியிருக்க வேண்டும், காதுக்கவசம் கட்டாயம் என்று இரண்டு நிபந்தனைகள் போட்டாள்.

முதல் வாரம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கிரீஸும் தூசும் பட்டு பட்டை அழியும். இறங்கித் துடைத்து மறுபடி பூசுவார். சந்தேகம் வந்தால் பட்டை தெரியாவிட்டாலும் காலை எடுத்துவிடுவார். ஒரே இடத்தில் பதினைந்து எண்ணிக்கைக்கு மேல் அடிக்காமல் ஓரத்துக்கு நகர்ந்து மறுபடி உளியை ஊன்றுவார். மூடிய கேபினுக்குள் அவருக்கு மூச்சு முட்டியது. யாரோ தன்னைத் தண்ணீருக்குள் உட்காரவைத்துவிட்டது போல இருந்தது. முன்பு ஒரு நாளில் முடிகிற கட்டைக்கு ஒன்றரை நாள் ஆனது. ஆனால் மிச்சமிருந்த இருபது கட்டைகளில் ஒரு போல்ட்டும் அறுந்துபோகவில்லை. மெக்கானிக் அந்தப் பெயிண்ட் டப்பாவை வாங்கிப் போய் வேறு இரண்டு வண்டிகளுக்கும் பட்டை போட்டுவிட்டு வந்தார்.

கடைசிக் கட்டையின் கம்பிகளை அறுத்து அள்ளிய மறுநாள், வண்டி டிரெய்லரில் ஏறியது. இன்ஜினியர் ஆற்றோரத்துப் புது வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

“அங்க முழுக்கப் பாறை. ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்து சொல்றீங்களா?”

“காலையிலேயே போய்ப் பாத்துட்டேன் மேடம். மேற்கால ஒரு விரிசல் இருக்கு. அங்கருந்து ஆரம்பிக்கணும்.”

சொல்லிக்கொண்டே, டிரெய்லர் சங்கிலியை டிரைவர் சரியாக இறுக்கியிருக்கிறாரா என்று பார்க்கப் போய்விட்டார்.