நாலு குழித் தட்டு

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: வலிக்காதவர். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டும்போதே, "வலிக்காதவர் இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், சுருட்டிய கையை இறக்கிவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. ஊசி போவதும் தெரியாது, வெளியே வருவதும் தெரியாது. இடக்கை விரலால் நரம்பைத் தடவிப் பிடித்து, வலக்கையால் வேலையை முடித்துவிடுவார். "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்கிறவரிடம் பஞ்சைக் கொடுத்து, "அழுத்திப் பிடிங்க, முடிஞ்சாச்சு" என்பார்.

அந்த இடக்கைதான் போன வருஷம் ஆட ஆரம்பித்தது. முதலில் சுண்டுவிரல் மட்டும். டீ அதிகமாகிவிட்டது என்று டீயை நிறுத்தினார். பிறகு மணிக்கட்டு. தூக்கம் போதவில்லை என்று சீக்கிரம் படுத்துப் பார்த்தார். நிலையத்துக்கு வந்துபோகும் நரம்பு டாக்டர் ஒருநாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இது டீயும் இல்லை, தூக்கமும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்தான் செய்யும், மாத்திரை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். மறுநாளே வலிக்காதவர் தானாகக் கேட்டு, ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டருக்கு மாறிக்கொண்டார். வீட்டில் மகளிடம் பிரமோஷன் என்று ஒரு போடு போட்டார். அவளும் நம்பி, கேக் வாங்கி வந்து ஊட்டிவிட்டாள்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மகளைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். தாயில்லாமல் அப்பா கையில் வளர்ந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் அவளுக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்தது. அந்த வாரம் பார்த்து இவருக்கு ஒரு காய்ச்சல், எல்லோருக்கும் வந்துபோகிற சாதாரணக் காய்ச்சல். "உங்கள இப்படிப் போட்டுட்டு அங்க போய் நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்?" என்று ஒரே வரியில் வேலையை வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள். காய்ச்சல் மூன்றே நாளில் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. இப்போது அதே ஊரிலிருந்து இன்னொரு வேலை வந்திருக்கிறது, மாப்பிள்ளைக்கும் அங்கேயேதான். பதிவுத் திருமணம் முடிந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காப் புல்வெளியில் வரவேற்பு, மறுநாள் காலையில் விமானம். அதுவரைக்கும் இடக்கையை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே ஓட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

அப்போதுதான் மகள் குண்டைப் போட்டாள். "மேஜை நாற்காலியெல்லாம் கிடையாதுப்பா. நின்னுக்கிட்டு, பேசிக்கிட்டு, அப்படியே சாப்பிடறது. எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம். சாப்பிட்டுத் தூக்கிப் போடற தட்டு இருக்கே, அது மட்டும் உங்க பொறுப்பு."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நின்றுகொண்டு சாப்பிட்டால் தட்டு இடக்கையில்தானே இருக்க வேண்டும்?

"நாலு நாற்காலியாவது போடலாமேம்மா. வயசானவங்க வருவாங்க."

"அவங்களுக்கு ஓரமா தனியா போட்டிருக்கு. உங்களுக்கு என்ன வயசாயிடுச்சு? நீங்க எங்கூட நிக்கறீங்க."

ஆக, மிச்சமிருந்தது தட்டு ஒன்றுதான். மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கடையில் கூரை வரை தட்டும் கப்பும் கரண்டியும் அடுக்கியிருந்தார்கள். மற்றவர்கள் நிறம் பார்ப்பார்கள், ஓரத்துப் பூ பார்ப்பார்கள். இவர் ஒவ்வொரு தட்டாக வாங்கி, கல்லாவில் கிடந்த ஸ்டேப்ளர், டேப் சுருள், ஒரு கட்டு மரக்கரண்டி எல்லாவற்றையும் அதில் வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, இடக்கையால் தூக்கிப் பார்த்தார். பேப்பர் தட்டு மடங்கிப்போயிற்று. பிளாஸ்டிக் தட்டில் ஸ்டேப்ளர் வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. கரண்டிகள் கடகடவென்று தாளம் போட்டன.

"என்ன சார், தட்டு டான்ஸ் ஆடுது?" என்றார் கடைக்காரர்.

"தட்டு சரியில்லீங்க. தரமே இல்ல."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே தட்டை, அதே சாமான்களோடு வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தட்டு அசையவில்லை. வலிக்காதவர் அதைப் பார்க்காதவர்போல மேல் அடுக்கிலிருந்த சரக்கை அண்ணாந்து பார்த்தார். கடைக்காரர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குமேல் கேலி பேசாமல், உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துவந்தார். கரும்புச் சக்கையில் செய்தது, கனமானது, உயரமான விளிம்பு, நாலு குழி. "இதுல வச்சது வச்ச இடத்துல நிக்கும் சார்."

முழுக்க நிற்கவில்லை. ஆனால் விழவில்லை. அவருக்கு அது போதும்.

மகளுக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "அய்யோ, இது ஹாஸ்டல் தட்டுப்பா! போட்டோவுல எப்படி இருக்கும்? நான் போன்ல காட்டின அந்தத் தங்க ஓரம் போட்டது எவ்வளவு அழகா, மெலிசா இருந்துச்சு!"

"மெலிசெல்லாம் வேண்டாம். கொட்டிடும்."

"யாருப்பா கொட்டப் போறா?"

இந்தத் தட்டுதான், இல்லையென்றால் நான் இதில் தலையிடவே இல்லை என்று முரண்டு பிடித்தார். வாழ்நாளில் மகளிடம் அவர் முரண்டு பிடித்தது அந்த ஒருமுறைதான். அவள் கடைசியில் சிரித்து, "சரி சரி, உங்க இஷ்டம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் போயிற்று. வலிக்காதவர் புல்வெளி முழுக்கச் சுற்றி, கண்ணில் பட்டவரையெல்லாம் "சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்தார். நீங்கள் என்று யாராவது கேட்டால், "இப்பத்தான் ஆச்சு" என்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

சம்பந்தி நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். வரவேற்பில் குடி கூடாது என்று மகள் கறாராகச் சொல்லியிருந்ததில் அவருக்கு ஒரு சின்ன மனக்குறை. ஆனால் காரணம் தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. அவள் அம்மாவைச் சாலையில் அடித்துப்போட்டவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன். ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு அந்தப் பேச்சே ஆகாது. குடிக்கிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுவாள்.

அந்தச் சம்பந்திதான் கையில் ஒரு தட்டோடு வந்தார். நாலு குழியிலும் மலையாகக் குவித்து, மேலே தக்காளி சாஸை ஊற்றியிருந்தார். "நான் பாத்துக்கிட்டே இருக்கேன், நீங்க ஒண்ணுமே சாப்பிடல. இதப் பிடிங்க. போட்டோக்காரரே, சம்பந்திங்க ரெண்டு பேரையும் எடுங்க!" என்று வலிக்காதவரின் வலக்கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு, தட்டை நீட்டினார். வாங்காமல் இருக்க முடியவில்லை. பாக்கெட்டிலிருந்து இடக்கை வெளியே வந்தது.

தட்டு மடங்கவில்லை, வளையவில்லை. கைதான் ஆடியது. பட்டினி வேறு, பயம் வேறு, எல்லாம் சேர்ந்து என்றைக்கும் இல்லாத ஆட்டம். நாலு குழியும் காலியாகி, சாஸ் முழுவதும் சம்பந்தியின் வெள்ளைக் கோட்டில் இறங்கியது.

கோபப்படுகிற ஆள் இல்லை சம்பந்தி. கோட்டைப் பார்த்தார், ஆடுகிற கையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "என்ன சம்பந்தி, தனியா கச்சேரி நடக்குதா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மகள் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, கையக் காட்டுங்க."

அவர் கொடுப்பதற்குள் அவளே எடுத்தாள். இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். பிடிக்குள்ளேயும் அது ஆடியது.

"எத்தன நாளா இது? டாக்டர்கிட்ட போனீங்களா? ஏன்பா எங்கிட்ட சொல்லல?"

அவள் முகம் மாறுவதை அவர் பார்த்தார். காய்ச்சலில் படுத்திருந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே முகம். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் மாப்பிள்ளையைக் கூப்பிடுவாள், டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லுவாள், ஆயுசுக்கும் இங்கேயே உட்கார்ந்து இந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தப்பிக்க ஒரே ஒரு வழிதான் கண்ணில் பட்டது, அதுவும் சம்பந்தி திறந்து வைத்தது.

"சம்பந்தி சொன்னது சரிதாம்மா," என்றார். "சந்தோஷத்துல... கொஞ்சம் போட்டுக்கிட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. கையை விட்டுவிட்டாள்.

"நீங்களாப்பா?" என்றாள். "அதுவும் இன்னிக்கா?"

அவர் இடக்கையைத் திரும்பவும் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"காலைல ஏர்போர்ட்டுக்கு நீங்க வர வேண்டாம்."

சொல்லிவிட்டு, புல்வெளியின் அந்தக் கோடியில் நின்ற மாப்பிள்ளையை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

சம்பந்திக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. கோட்டைத் துடைப்பதை விட்டுவிட்டு, அவர் தோளில் கையைப் போட்டார். "விளையாட்டுக்குச் சொன்னது இப்படி ஆயிடுச்சே. மனசுல வச்சுக்காதீங்க. பெத்த பொண்ணு, கோபம் எத்தன நாளைக்கு இருக்கும்?"

"நாளைக்குக் காலை வரைக்கும் இருந்தாப் போதும் சம்பந்தி," என்றார் வலிக்காதவர்.