தலை வாரியவரும் காலை வாரியவனும்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் சீப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். அதில் ஒரு காலத்தில் எனக்குப் பெருமைகூட உண்டு. இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். சீட்டில் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று அச்சாகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது எங்கள் நிரல். ஏழெட்டுப் பேர் கைபட்ட பண்டம் அது. ஒருவர் வரியை நான்கு இடம் தள்ளித் தொடங்குவார், இன்னொருவர் எட்டு இடம், மூன்றாமவனுக்கு மனம் போன போக்கு. அந்த மூன்றாமவன் நான்தான். வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், என் குப்பையை நானே படிக்க முடியாமல், "இது நிரலா, கோழி கிளறின குப்பையா?" என்று புலம்பினேன்.

பக்கத்து மேசையிலிருந்த அக்கா சிரித்தார். மறுநாள் மதியத்துக்குள் இருநூற்றுப் பதினேழு கோப்புகளையும் ஒரே சீராக வரிசைப்படுத்தி வைத்துவிட்டார். ஓர் எழுத்துகூட மாறவில்லை. வரிகளுக்கு முன்னால் இருந்த வெற்றிடம் மட்டும்தான் மாறியது. "சிக்கெடுத்து வாரி விட்டிருக்கேன் தம்பி. இப்ப படிக்க முடியுதா பாரு" என்றார். அன்று வைத்த பெயர்தான் சீப்பு.

பத்தொன்பது வருடம் அவருக்கு அதே நாற்காலி. வேறு இடங்களில் கூப்பிட்டும் போகவில்லை. வீடு ஏழு நிமிட நடை, அதுதான் காரணம். படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் அம்மா, மகள் ஊட்டினால்தான் வாய் திறப்பார். மருமகள், செவிலி, யார் போனாலும் பல்லைக் கடித்துக்கொள்வார். பன்னிரண்டரைக்கு அக்கா எழுந்து போவார், ஒன்றேகாலுக்குத் திரும்புவார். சில நாள் சட்டைக் கையில் ரோஸ் நிற மருந்துக் கறை இருக்கும். "இந்த வேலை போச்சுன்னா எங்கம்மா மதியம் பட்டினிதான்" என்று வேடிக்கையாகச் சொல்வார். அது வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் புது மேலாளர் வந்தார், கையோடு ஒரு சோதிப்பானைக் கொண்டுவந்தார். நிரலை ஓட்டாமலே வரிவரியாகப் படித்து, எங்கே பிழை பதுங்கியிருக்கிறது, எங்கே நாளைக்கு யாரும் கைவைக்க முடியாதபடி முடிச்சு விழுந்திருக்கிறது என்று தானாகச் சொல்லும் கருவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். யாருமே எட்டிப் பார்க்காத வழிகள், ஒரே பத்தியின் ஆறு நகல்கள், நாங்கள் வருடக்கணக்கில் பார்க்காததையெல்லாம் நான்கு நிமிடத்தில் பிடித்துப் போட்டது. ஆனால் ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஒரு பெயரையும் ஒட்டியது. அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயர்.

மேலாளர் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். அக்காவின் பேரில் நாலாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. என் பேரில் அறுபத்திரண்டு.

கூட்டத்தில் மேலாளர் என்னைக் காட்டி, "இவரைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "என்ன சீப்பு மேடம், இவ்ளோ குப்பையா?" என்றார்.

"சார், அதெல்லாம் நான் எழுதினதில்ல. ஒரு தடவை எல்லாத்தையும் வரிசைப்படுத்தினேன், அவ்ளோதான். முன்னாடி இருக்கிற இடைவெளி மாறினதால என் பேரைக் காட்டுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சரி, இது வேற யாருக்காவது தெரியுமா?"

அந்த நாளில் இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். அக்கா என்னைப் பார்த்தார். சீப்பு என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனிதருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. சாட்சி அந்தப் பெயரிலேயே இருந்தது.

முந்தின நாள் ஒரு காரியம் செய்திருந்தேன். இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல், எழுதியவர் யார் என்று மட்டும் காட்டச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்துப் பார்த்தேன். அக்காவின் பேரில் நின்றவற்றில் அவர் எழுதியது வெறும் நூற்று நாற்பத்தெட்டு. ஆயிரத்து இருநூற்றாறு என்னுடையது. மற்றதெல்லாம் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களுடையது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மடியில் கனம் இருந்தது, வழியில் பயம் வந்தது.

"சரியா ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

தலை வாரிவிட்டவரின் காலை வாரிவிட நான்கு வார்த்தை போதுமாக இருந்தது. கோழைப் பயல் நான். இதற்கு வேறு நல்ல வார்த்தை கிடையாது.

மூன்று மாதத்துக்குள் நூற்றுக்குக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார் மேலாளர். அக்கா அன்றே வேலையில் உட்கார்ந்தார். வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதி, இதைக் கண்டுகொள்ளாதே என்று சோதிப்பானின் வாயைக் கட்டலாம். என் அறுபத்திரண்டில் நாற்பதை அப்படித்தான் ஒழித்தேன். அவர் ஒரு வரிக்குக்கூட அதைச் செய்யவில்லை. முடிச்சுகளைப் பிரித்தார், ஆறு நகல்களை ஒன்றாக்கினார். மதியச் சாப்பாட்டு நேரம் சுருங்கி இருபத்தைந்து நிமிடமானது. ஒரு நாள் சீக்கிரமே திரும்பி வந்து, "பாதியிலயே வாயை மூடிக்கிட்டாங்க. நான் அவசரப்படுத்துறேன்னு தெரிஞ்சுபோச்சு" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

கெடு முடிந்தபோது சுவரில் இருநூற்றுப் பன்னிரண்டு நின்றது. மேலாளர் கையைக் கொடுத்தார், கடிதத்தையும் கொடுத்தார்.

அக்கா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, மனசு கேட்காமல் அந்தக் கட்டளையை மறுபடி கொடுத்தேன். மிச்சமிருந்ததில் அறுபத்து நான்கு பழைய ஆட்களுடையது. நூற்று நாற்பத்தெட்டு அக்காவுடையது, ஒன்றுகூடத் தொடப்படவில்லை. அவற்றில் என்னுடையது ஒன்றுமே இல்லை. அவருடையவை நிமிடத்தில் தீர்கிற சின்னக் குறைகள்; சிக்கலான என்னுடையதை விட்டுவிட்டு அவற்றை முதலில் முடித்திருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

படியில் ஓடிப்போய் மறித்தேன். "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே அந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாத்துட்டேன். உன்னோடதை முதல்ல முடிச்சேன். நாளைக்கு வேற யாராவது அப்படிப் பாத்தா, உனக்கும் இதே கதிதானே?" பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஞாபகம் இல்லன்னு சொன்னியே தம்பி, அதைத்தான் தாங்க முடியல."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை.

"அம்மாவுக்கு நேரமாச்சு. இன்னைக்கு நிதானமா ஊட்டலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.